எம்ஏ பப்ளிக் அட்மின் முடிச்ச டேங்க் ஆபரேட்டர் பொண்ணு பிஎச்டி சேரலாமா?

விழுப்புரம் மாவட்டத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. பெரிய லெட்டர், சுருக்கிப் போடறேன்:

"அக்கா, எனக்கு 26 வயசு. எம்ஏ பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் முடிச்சு மூணு வருஷம் ஆகுது. யுபிஎஸ்சி ரெண்டு தடவை, குரூப் 1 ஒரு தடவை எழுதினேன், ப்ரிலிம்ஸே தாண்டல. அப்பா எங்க ஊராட்சியில தண்ணி டேங்க் ஆபரேட்டர், அம்மா நூறு நாள் வேலைக்கு போறாங்க. இப்ப ஒரு சார் 'என்கிட்ட பிஎச்டி சேர்ந்துடு, டாபிக் நானே தர்றேன்'னு சொல்றார். டாபிக் 'கிராமப்புற வளர்ச்சியில் ஊராட்சிகளின் பங்கு – விழுப்புரம் மாவட்டம் ஓர் ஆய்வு'. சேரலாமா? வீட்ல கல்யாணப் பேச்சு வேற. கூடப் படிச்சவங்க பப்ளிக் அட்மின்ல டாக்டர் பட்டம் வாங்கினா யார் வேலை தர்றாங்கன்னு சிரிக்கிறாங்க. எனக்கு இங்கிலீஷும் சுமார்தான். என்ன பண்ணலாம்?"

தங்கச்சி, மொதல்ல நேரா கேட்டுடறேன். பிஎச்டி சேரணும்னு தோணுதா, இல்ல "என்ன பண்றே"னு கேக்கறவங்களுக்கு சொல்ல ஒரு பதில் வேணுமா? ரெண்டாவதுதான் காரணம்னா அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ப்ரிலிம்ஸ் மூணு தடவை போனவளுக்கு ஊர் வாயை அடைக்க ஏதாவது வேணும்தான், ஆனா அதுக்கு பிஎச்டி ரொம்ப காஸ்ட்லியான பதில். 2022-ல வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ரூல்படி குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். நம்ம சப்ஜெக்ட்ல மூணு வருஷத்துல முடிச்சவங்களை நான் விரல் விட்டு எண்ணிடுவேன். அஞ்சு வருஷம் கையில காசு இல்லாம, பஸ்சுக்கு அப்பாகிட்ட கேட்டுக்கிட்டு, கைடு வீட்டு பேங்க் வேலைக்கெல்லாம் போயிட்டு வந்து... நான் பார்த்திருக்கேன் தங்கச்சி, வேணாம். அதனால என் மொத பதில்: அந்த சார்கிட்ட இந்த வருஷம் சேராத. ஜேஆர்எஃப் எழுது, அதாவது நெட் பரீட்சையில நல்ல மார்க் எடுத்தா மாசாமாசம் கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை, அந்த காசோட உள்ள போ.

இந்த விஷயம் உனக்கு பாதி தெரிஞ்சிருக்கும், முழுசா சொல்லிடறேன். நெட் பரீட்சையில (காலேஜ் ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு) பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் தனி சப்ஜெக்ட், கோடு 14. எல்லாருக்கும் பொதுவான பேப்பர் ஒண்ணுல 50 கேள்வி, சப்ஜெக்ட்ல 100 கேள்வி, மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. ஜேஆர்எஃப் கிடைச்சா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, ஹாஸ்டல்ல இல்லைன்னா வீட்டு வாடகைப் படி தனி. வயசு வரம்பு 30, பொண்ணுங்களுக்கு 5 வருஷம் தளர்வு இருக்கு, அதனால உனக்கு நேரம் நிறையவே இருக்கு. நீ ரெண்டு தடவை யுபிஎஸ்சிக்குப் படிச்சதுல பாதிக்கு மேல இங்க அப்படியே வரும், வில்சன், வெபர், ரிக்ஸ்னு நிர்வாகத் தியரி எழுதினவங்க, இந்திய நிர்வாகம், உள்ளாட்சி எல்லாம். நீ தோத்த பரீட்சைக்குப் படிச்சது இங்க பாஸ் மார்க்கு. பேப்பர் ஒண்ணுலதான் ஆளுங்க கவுந்துடறாங்க, அதை லேசா எடுத்துக்காத.

இன்னொண்ணு, 2024 ஜூன்லேர்ந்து நெட் ரிசல்ட்டை மூணு விதமா போடறாங்க. ஜேஆர்எஃப்பும் அசிஸ்டண்ட் ப்ரொபசர் தகுதியும் ஒண்ணு, அசிஸ்டண்ட் ப்ரொபசர் தகுதியும் பிஎச்டி அட்மிஷனும் ஒண்ணு, பிஎச்டி அட்மிஷன் மட்டும் ஒண்ணு. மூணாவது கிடைச்சாலும் அந்த மார்க் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஜேஆர்எஃப் வராம போனா ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) ஃபெல்லோஷிப் இருக்கு, தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகைக்குத் தனிப் பரீட்சை இருக்கு, எஸ்சி எஸ்டி பசங்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்டி ஊக்கத்தொகை இருக்கு. உன் கம்யூனிட்டி நீ எழுதல, பொருந்தினா விடாத.

அடுத்து உன் ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்களே, அதுக்கு வர்றேன். அவங்க சொல்றதுல உண்மை இருக்கு. இந்தத் துறையில பெரிய கொடுமை என்னன்னா சப்ஜெக்ட் பேருதான். என் கதையைச் சொல்றேன். நான் எம்ஏ படிச்சது ஊரக வளர்ச்சி. ஆசையா படிச்சேன், கிராமத்துல தங்கி, பெண்கள் குழு, பால் சொசைட்டினு அலைஞ்சு. நெட்டும் பாஸ். அப்புறம் ஒரு வேலைக்கு சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் போனப்ப மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் டிகிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இது எந்த டிபார்ட்மெண்ட்டுக்கு இணைமா?"ன்னார். ஈக்வலன்ஸ் ஜிஓ, அதாவது இந்த டிகிரி இன்ன டிகிரிக்கு சமம்னு சொல்ற அரசாணை, எங்கன்னார். என்கிட்ட இல்ல. அன்னிக்கு லிஸ்ட்டுலேர்ந்து பேரு போச்சு. மறு வருஷமே தொலைதூரக் கல்வியில இன்னொரு எம்ஏ, இந்தத் தடவை பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்னு எழுத்துக்கு எழுத்து போட்டிருந்த டிகிரி. படிச்சது என்னவோ மொத எம்ஏவுலதான், சோறு போட்டது ரெண்டாவது.

நீ ஏற்கெனவே பப்ளிக் அட்மின் எம்ஏ, அதனால பாதி பிரச்சினை இல்ல. ஆனா பிஎச்டி டிகிரியில என்ன பேரு வரும்னு சேர்றதுக்கு முன்னாடி கேட்டு, எழுத்துல வாங்கிக்கோ. டெவலப்மெண்ட் ஸ்டடீஸ், ரூரல் டெவலப்மெண்ட், பப்ளிக் பாலிசி, எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. நெட் பரீட்சை சப்ஜெக்ட் லிஸ்ட்டைப் பாரு, டெவலப்மெண்ட் ஸ்டடீஸும் ரூரல் எகனாமிக்ஸும் கோ ஆபரேஷனும் தனி சப்ஜெக்ட்டே இல்ல, எகனாமிக்ஸ் கோடு 01-க்குள்ள போட்டு வச்சிருக்காங்க. ஆராய்ச்சி எதுல வேணா பண்ணு, டிகிரி மேல உள்ள பேரு மட்டும் வேலைவாய்ப்பு நோட்டிபிகேஷன்ல வர்ற பேரா இருக்கட்டும்.

வேலை நிலவரத்தையும் மறைக்காம சொல்லிடறேன். அரசு கலைக் கல்லூரிக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாத்தான் போகணும். 2019-ல 2,331 இடம்னு அறிவிப்பு வந்துச்சு, நடக்கவே இல்ல. 2024 மார்ச்சில 4,000 இடம்னு வந்துச்சு, ஆகஸ்ட் 4 பரீட்சைன்னாங்க, அதையும் தள்ளிவச்சாங்க. இந்தக் கணக்குல நம்ம சப்ஜெக்ட்டுக்கு வர்றது கொஞ்சூண்டு இடம். ஒரு தடவை கிடைச்சா மூலச் சம்பளம் 57,700-ல ஆரம்பிக்கும், கிடைக்கிற வரைக்கும் கௌரவ விரிவுரையாளரா மாசம் 25,000. கௌரவம்ங்கற வார்த்தையை இதைவிட கேலி பண்ண முடியாது. எய்டட் காலேஜ்னா அங்க வேற ஒரு கணக்கு பேசுவாங்க, அது உனக்கே தெரியும், அந்தக் காசு உங்க வீட்ல இல்லைன்னும் எனக்குத் தெரியும். அதனால தமிழ்நாட்டுக்குள்ள லெக்சரர் வேலை ஒண்ணையே நம்பி இதுல இறங்காத. 2023 ஜூன் 30-ல யுஜிசி ரூலை மாத்தி, அசிஸ்டண்ட் ப்ரொபசருக்கு நெட்டோ செட்டோ (மாநிலத் தகுதித் தேர்வு) இருந்தா போதும், பிஎச்டி கட்டாயம் இல்லன்னுட்டாங்க. அதாவது வேலைக்காக மட்டும்னா பிஎச்டி தேவையே இல்ல, நெட் போதும். அப்ப பிஎச்டி எதுக்கு? உனக்கு தெரிஞ்சாகணும்னு ஒரு கேள்வி இருந்தா, அதுக்கு.

உன்கிட்ட அந்தக் கேள்வி இருக்குன்னுதான் எனக்குப் படுது, நீதான் கவனிக்கல. உன் லெட்டர்ல நடுவுல ஒரு வரி எழுதியிருந்தே, மேல சுருக்கினதுல அதை விட்டுட்டேன், "அப்பா எந்தத் தெருவுக்கு மொதல்ல வால்வு திறக்கிறார்ங்கறதுக்கே ஊர்ல சண்டை வரும்"னு. போற போக்குல எழுதிட்டுப் போயிட்ட. அதைப் படிச்சுட்டு நான் எழுந்து போய் டீ போட்டுக்கிட்டு வந்து மறுபடி படிச்சேன். பப்ளிக் அட்மின்ல ஸ்ட்ரீட் லெவல் பியூராக்ரசினு ஒரு கான்செப்ட் படிச்சிருப்பியே, லிப்ஸ்கி 1980-ல சொன்னது, கொள்கையை மேல யார் எழுதினாலும் கடைசியில மக்கள் முன்னாடி நிக்கிற கடைநிலை ஆள் என்ன பண்றாரோ அதுதான் கொள்கைன்னு. உங்கப்பா கையில இருக்கிற அந்த வால்வு சாவியைவிட அதுக்கு நல்ல உதாரணம் ஏது? ஜல் ஜீவன் மிஷன் 2019-ல வந்துச்சு, ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்ங்கறது கணக்கு, வீட்டுக்கு வீடு குழாய்னு போர்ட்டல்ல பச்சை கலர்ல காட்டும். குழாய் இருக்குங்கறதை போர்ட்டல் சொல்லும். எத்தனை மணிக்கு வருது, மேட்டுத் தெருவுக்கு ஏறுதா, காலனிக்கு கடைசியா விடறாங்களா, மோட்டார் காயில் எரிஞ்சா எத்தனை நாள்ல சரியாகுது, கரெண்ட் பில் கட்டறதுக்குன்னு ஊராட்சி வச்சிருக்கிற ரெண்டாவது பேங்க் கணக்குல காசு இருக்கா, இதெல்லாம் எந்த போர்ட்டல்லயும் கிடையாது. உங்க வீட்டுத் திண்ணையில இருக்கு.

இப்ப அந்த சார் குடுத்த டாபிக்கைப் பாரு. கோபப்படாத, பிஎச்டி தீசிஸ் எல்லாம் போட்டு வச்சிருக்கிற சோத்கங்கா வெப்சைட்டுக்குள்ள போய் அந்தத் தலைப்பைத் தேடிப் பாரு. மாவட்டம் பேரை மட்டும் மாத்தி மாத்தி எத்தனை வந்திருக்குன்னு தெரியும். ஒவ்வொண்ணுலயும் முந்நூறு பேருகிட்ட கேள்வித்தாள், பர்சன்டேஜ், கை ஸ்கொயர்னு ஒரு புள்ளியியல் டெஸ்ட், கடைசி சாப்டர்ல "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்". எவ்வளவு நாள்தான் மக்களுக்கே விழிப்புணர்வு ஏற்படுத்துவீங்கன்னு கேக்கத் தோணும். அந்த சார்கிட்ட ஏற்கெனவே முடிச்சவங்களோட தீசிஸ் ரெண்டு எடுத்துப் படி. நல்லா இருந்தா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். முடிச்சவங்களுக்கு போன் போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னும் கேளு. ரூல்படி ஒரு அசிஸ்டண்ட் ப்ரொபசர் 4 பேர், அசோசியேட் 6 பேர், ப்ரொபசர் 8 பேருக்குத்தான் கைடா இருக்கலாம். டாபிக் நானே தர்றேன்னு அவசரப்படற கைடுக்கு உன்னைவிட அந்த காலி இடம்தான் கண்ணுல தெரியும்.

உன் மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு பண்றதுக்கு ஒரு டாபிக் நான் சொல்றேன், எடுத்துக்கிட்டா சந்தோஷம். தமிழ்நாட்டுல ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர்ல 27 மாவட்டத்துக்கு நடந்துச்சு, பிரிச்ச மாவட்டங்கள்ங்கறதால உன் விழுப்புரம் உட்பட மீதி 9 மாவட்டத்துக்கு 2021 அக்டோபர்ல நடந்துச்சு. இதோட விளைவு என்னன்னா, பக்கத்துல கடலூர்லயும் திருவண்ணாமலையிலயும் 2025 ஜனவரி 5-ஓட தலைவர்கள் பதவி முடிஞ்சு தனி அலுவலர், அதாவது பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) கைக்குப் போயிடுச்சு, உன் பக்கம் 2025 முழுக்க தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாங்க. மாவட்ட எல்லையில நிக்கிற ரெண்டு ஊரை எடுத்துக்கோ. ஒரே மண்ணு, ஒரே சாதிக் கட்டு, ஒரே ஸ்கீம், ஒரு ஊர்ல மோட்டார் ரிப்பேர்னா தலைவர் வீட்டு வாசல்ல போய் கத்தலாம், இன்னொரு ஊர்ல யாருகிட்ட கத்தறது? மாநிலத்துல ஏறக்குறைய 12,500 ஊராட்சி, 388 ஒன்றியம், சராசரி போட்டாலே ஒரு பிடிஓ தலையில முப்பதுக்கு மேல. தலைவர் இல்லாத ஊர்ல ரிப்பேருக்கு எத்தனை நாள் கூட ஆச்சு, கிராம சபை நடந்துச்சா, யாரு பேசினா, தீர்மான நோட்டுல என்ன எழுதினாங்க? இதைத்தான் ஆராய்ச்சிங்கறது. இந்த மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடற வாய்ப்பு பெரிய பெரிய யுனிவர்சிட்டிக்காரங்க காசு குடுத்தாலும் உண்டாக்க முடியாது, தேர்தல் கமிஷன் உனக்கு இலவசமா பண்ணிக் குடுத்திருக்கு. அந்த நோட்டு, வவுச்சர் எல்லாம் காணாம போறதுக்கு முன்னாடி பார்த்துடணும், ஆர்டிஐ போடத் தெரியும்தானே?

ஆனா ஒரு எச்சரிக்கை. கேள்வியை உங்க ஊர்லேர்ந்து எடு, டேட்டாவை வேற ஊர்ல எடு. உங்கப்பா வேலை ஊராட்சிச் செயலரையும் தலைவரையும் நம்பி ஓடுது. "டேங்க் ஆபரேட்டர் பொண்ணு ரெஜிஸ்டர் கேட்டு வந்துச்சு"ன்னு ஒரு பேச்சு கிளம்பினா கஷ்டம் அவருக்குத்தான். அதோட சொந்த ஊர்ல நீ எந்தத் தெருப் பொண்ணுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு தெரு உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லும், இன்னொரு தெரு காபி மட்டும் குடுத்து அனுப்பும். வெளியூர்ல போனாலும் மொத கேள்வி "நீங்க எந்தப் பக்கம்?"தான், அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த சங்கடத்தையும் நோட்ல எழுதிக்கோ, அதுவும் டேட்டாதான். எழுதறப்ப ஊர் பேரை மாத்திடு. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டியில 1996-லேர்ந்து 2006 வரைக்கும் தேர்தலே நடத்த முடியாம கிடந்த மாநிலம் இது, மேலவளவுல 1997-ல ஒரு ஊராட்சித் தலைவரையே வெட்டிக் கொன்னாங்க. ஊராட்சின்னா ஏதோ ரோடு, லைட்டு சமாச்சாரம்னு நினைச்சுக்கிட்டு ஃபீல்டுக்குப் போகக் கூடாது.

சொந்த ஊரைப் பத்தி எழுதறது தாழ்வுன்னு நினைக்காத. உன் மாவட்டத்துல இருவேல்பட்டுன்னு ஒரு ஊர் இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா? சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மொத எகனாமிக்ஸ் ப்ரொபசரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்குல பசங்களை லீவுக்கு ஊருக்கு அனுப்பி, கிராமத்தைப் பத்தி கேள்விப் பட்டியல் குடுத்து எழுதிட்டு வரச் சொன்னார். அப்படி எழுதின ஊர்கள்ல ஒண்ணு இருவேல்பட்டு. அதை 1930-கள்ல திரும்ப ஆராய்ஞ்சாங்க, 1983-ல குகனும் ஜோன் மென்ஷரும் எழுதினாங்க, 2008-ல ஜான் ஹாரிஸ், நாகராஜ், பின்னாடி மாநிலத் திட்டக்குழு துணைத்தலைவரா வந்த ஜெயரஞ்சன், இவங்க மறுபடி போனாங்க. நூறு வருஷமா உலகம் படிச்சுக்கிட்டு இருக்கிற ஊர் உனக்கு பஸ் தூரம். அதுல குகன் யாருன்னா ஐஏஎஸ், தமிழ்நாட்டு நிதித்துறைச் செயலாளரா இருந்துட்டு எம்ஐடிஎஸ்-க்கு (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்ச்சி பண்ண வந்தவர். கோப்பும் தெரிஞ்சு ஊரும் தெரிஞ்ச ஆளுங்க இந்தத் துறையில ரொம்பக் கம்மி, அதனாலதான் அவர் எழுத்துக்கு இன்னிக்கும் மதிப்பு. உனக்கு ஊர் தெரியும், கோப்பு படிக்கக் கத்துக்கோ.

எங்க சேர்றதுன்னா, காந்திகிராமத்தை ஒரு தடவை நேர்ல போய்ப் பாரு. சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கினது, 1956-ல கிராமிய உயர்கல்வி நிலையமா ஆரம்பிச்சு 1976-ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அரசியல் அறிவியலும் வளர்ச்சி நிர்வாகமும் சேர்ந்த துறை அங்க இருக்கு, பஞ்சாயத்து ராஜ் பத்தி பேராசிரியர் பழனித்துரை காலத்துலேர்ந்து நிறைய வேலை நடந்திருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துல அரசியல், பொது நிர்வாகத் துறை. அடையாறு எம்ஐடிஎஸ்ல லைப்ரரிக்காகவாவது ஒரு வாரம் போய் உக்காரு. வெளியில போகத் தயார்னா பெங்களூருல சமூக, பொருளாதார ஆராய்ச்சி நிறுவனமான ஐசெக், இல்லன்னா டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோட (டிஸ்) துல்ஜாபூர் கேம்பஸ். நெட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற நேரத்துல ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம் (என்ஐஆர்டிபிஆர்), மறைமலைநகர்ல இருக்கிற ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம், அரசோட மதிப்பீடு மற்றும் பயன்முறை ஆராய்ச்சித் துறை, இங்கெல்லாம் வர்ற ஸ்டடிகள்ல ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர், ப்ராஜெக்ட் அசிஸ்டண்ட் வேலை அப்பப்ப வரும், எடு. ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவுன்னு காசு தர்ற சர்வே கம்பெனினா மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, அவசரத்துல மரத்தடியில உக்காந்து தானே ஃபாரம் நிரப்பற பழக்கம் ஒட்டிக்கும், அது ஒட்டினா போகாது.

இங்கிலீஷ் பத்தி கவலைப்படறே. ஆராய்ச்சியில எழுதற இங்கிலீஷ் பேசற இங்கிலீஷைவிட ஈசி, ஒரே மாதிரி நூறு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். தினம் இபிடபிள்யூ (எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி) கட்டுரை ஒண்ணு, இல்லன்னா ஐஐபிஏ (இந்தியப் பொது நிர்வாக நிறுவனம்) நடத்தற இந்தியன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்ல ஒண்ணு, படிச்சுட்டு தமிழ்ல அஞ்சு வரி எழுதி வை. ஆறு மாசத்துல தானா வரும். "மூவாயிரம் கட்டினா பத்து நாள்ல பேப்பர் போட்டுத் தர்றோம்"னு வாட்ஸ்அப்ல வர்றதை மட்டும் தொடாத. நம்பலாம்னு யுஜிசி போட்டு வச்சிருந்த ஜர்னல் பட்டியலான கேர் லிஸ்ட்டையே 2025 பிப்ரவரியில நிறுத்திட்டாங்க, பிஎச்டி சப்மிட் பண்ண பேப்பர் போட்டே ஆகணும்னு இருந்த கட்டாயமும் 2022 ரூல்ல எடுத்தாச்சு, ஆனா யுனிவர்சிட்டி தனியா வச்சிருக்கும், கேட்டுக்கோ.

கல்யாணம். இதுல நான் யாரு சொல்றதுக்கு. தகவல் மட்டும் சொல்றேன்: பிஎச்டி நடுவுல பிரசவம், குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் லீவு உண்டு, பொண்ணுங்களுக்கு ஆறு வருஷத்துக்கு மேலயும் கூடுதல் காலம் தருவாங்க. பார்க்க வர்ற பையன்கிட்ட "ஃபீல்டு வொர்க்குக்கு ராத்திரி ஊர்ல தங்க வேண்டி வரும்"னு ஒரு வரி சொல்லிப் பாரு, அவன் மூஞ்சியிலயே பதில் தெரிஞ்சுடும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது, ரெண்டு தடவை.

குரூப் 1, குரூப் 2 எழுதறதை நிறுத்துன்னு சொல்லமாட்டேன். யுபிஎஸ்சியை மட்டும் ஒரு ரெண்டு வருஷம் மறந்துடு, தலையில ரெண்டு பெரிய பரீட்சை தாங்காது.

நெட் நோட்டிபிகேஷன் வர்றதுக்குள்ள ஒரு வேலை பண்ணு. இன்னிலேர்ந்து ஒரு மாசம் அப்பா எத்தனை மணிக்கு மோட்டார் போட்டார், எப்ப நிறுத்தினார், எந்த வால்வு மொதல்ல, கரெண்ட் எப்ப போச்சு, யாரு வந்து சத்தம் போட்டாங்க, இதை ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுது. அவர்கிட்ட கேட்டு, அவருக்கு சம்மதம்னா மட்டும். அடுத்த கிராம சபையில பின்னாடி பொம்பளைங்க பக்கம் உக்காந்து, யாரு பேசினா, யாரைப் பேச விடல, எத்தனை மணிக்கு கையெழுத்து வாங்க ஆரம்பிச்சாங்கன்னு குறிச்சுக்கோ. ரெண்டையும் சேர்த்து நாலு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு, தமிழ்லயே. தலைப்பு வேணாம், மாவட்டம் ஓர் ஆய்வெல்லாம் வேணாம். படிச்சுட்டு யார்கிட்ட கைடு கேக்கலாம்னு ரெண்டு பேரு சொல்றேன்.